கெங்குவார்பட்டியின் நீல ஸ்படிகம்

திண்டுக்கல்லை விட்டுத் தென்மேற்காகப் புறப்பட்டு, செம்பட்டியையும், ராஜம் ஐயர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா ஆகிய மூவரைத் தமிழுக்கு அளித்த வத்தலக்குண்டையும் கடந்து பெரியகுளம் நோக்கிச் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலைப்பாதை பிரிந்து மேலேறுகின்ற காட்ரோட்டுக்கு அணித்தாக, பழனிமலையின் அடிவாரத்தில் கெங்குவார்பட்டி என்ற ஊர் அமைந்திருக்கிறது. சித்திரை வைகாசி மாதங்களில் சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி, குளிர்ச்சியை நாடி மலையேறும் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இவ்வழியே போகிறார்கள். அவர்கள் கடந்து செல்லும் அந்தப் பிரதேசத்துப் பாறைகளில், பூமியின் மேலோடு அடைந்திருக்கும் உஷ்ண நிலைகளுள் மிகக் கடுமையானதொன்றுக்குச் சாட்சியாக, சஃபைரின் என்னும் நீலநிறத் தாது ஒன்று பொதிந்து கிடக்கிறது என்ற செய்தி அவர்களில் மிகச் சிலருக்கே எட்டியிருக்கும். ஊர் இன்று தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் பாறைகளின் பிறப்பு தாலுகாக் கச்சேரிகளின் பிறப்புக்கு மிகவும் முந்தியது ஆகையால், திண்டுக்கல் சமவெளி, அதன் கிழக்கே நிற்கும் சிறுமலை, மேற்கே நீண்டு கிடக்கும் பழனிமலை, அதன் அடியிலுள்ள கெங்குவார்பட்டி ஆகிய யாவற்றையும் ஒரே பிராந்தியமாகக் கொண்டே இந்த அத்தியாயத்தில் பேசுவோம். பூகர்ப்ப விஞ்ஞானிகளும் அவ்வாறே கொள்கிறார்கள். வடக்கே பாலக்காடு–காவிரிப் பிளவு மண்டலத்துக்கும் தெற்கே அச்சன்கோவில் பிளவு மண்டலத்துக்கும் இடைப்பட்ட இந்த நிலப்பரப்பு முழுவதற்கும் அவர்கள் மதுரைப் பாளம் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

சஃபைரினில் அடங்கிய மூலகங்களை எண்ணிப் பார்க்கிறவனுக்கு அதனை அபூர்வ வஸ்து என்று சொல்ல நா எழாது. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறக்குறையப் பாதி ஆக்ஸிஜன். கால்பங்குக்குச் சற்று மேல் சிலிக்கன். நூற்றுக்கு எட்டுப் பங்கு அலுமினியம். இரண்டு பங்கு மக்னீசியம். இந்த நான்குமே சஃபைரினின் அங்கங்கள். இவற்றோடு கொஞ்சம் இரும்பும் கலந்திருக்கும். ஆத்தூர் வயலின் வண்டலிலும் வேடசந்தூர்ச் செம்மண்ணிலும் இந்த ஐந்தும் உண்டு. தங்கமும் பிளாட்டினமும் அருமையாயிருப்பதற்குக் காரணம், பூமியின் மேலோட்டில் அவற்றின் மொத்த இருப்பே சொற்பம் என்பது. சஃபைரினின் அருமையோ முற்றிலும் வேறு வகையானது. மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்தும், சிலிக்கா குறைந்தும், நீர் ஏறக்குறைய இல்லாமலும், உஷ்ணம் அளவு கடந்தும் இருக்கின்ற ஓரிடத்தில்தான் அது பெரும்பாலும் உருவாகும். இந்த நான்கு நியமங்களும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் கூடிவருவது பூமியின் சரித்திரத்தில் அபூர்வமாகவே நிகழ்ந்திருக்கிறது. அரிய தாதுக்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இந்த வேறுபாட்டை வற்புறுத்துவதில்லை. நானோ இதையே பிரதானமாகக் கருதுகிறேன்.

அதன் லக்ஷணங்களைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். நிறம் வெளிர்நீலம் முதல் கருநீலம் வரையிலும், சில இடங்களில் பச்சை கலந்தும் காணப்படும். இந்த நிறத்துக்கு இரும்பே காரணம். கடினம் மோஸ் அளவில் ஏழரை, அதாவது வெங்கச்சங்கல்லாகிய குவார்ட்ஸைவிடச் சற்று அதிகம். ஒப்படர்த்தி 3.4-க்கும் 3.5-க்கும் இடையில். ஒளிவிலகல் எண் 1.70-ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் இருக்கும். நவரத்தினங்களுள் ஒன்றாகிய நீலத்தின் சாயலைக் கொண்டிருப்பதாலேயே இதற்கு இப்பெயர் வந்தது என்றாலும், ரசாயனத்தில் இரண்டுக்கும் உறவு சிறிதே. நீலம் என்பது குருந்தம், அதாவது வெறும் அலுமினியம் ஆக்ஸைடு. அதன் கடினம் ஒன்பது, ஒப்படர்த்தி நான்கு. சஃபைரினிலோ மக்னீசியம் ஆக்ஸைடு இரண்டு பங்கு, அலுமினியம் ஆக்ஸைடு இரண்டு பங்கு, சிலிக்கா ஒரு பங்கு என்ற விகிதத்திலிருந்து ஏழு, ஒன்பது, மூன்று என்ற விகிதம் வரையில் அங்கங்கள் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போகும். மக்னீசியமும் சிலிக்கனும் ஓரளவு விலக, அவ்விடங்களில் அலுமினியம் ஏறி அமர்ந்துகொள்வதே இந்த மாறுதலின் ரகசியம். இத்தனை சிக்கலான ஸ்படிகத்தின் உள்ளமைப்பை எக்ஸ்-கதிர்களின் உதவியால் பால் மூர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1968-இல்தான் தெளிவாக வெளியிட்டார். தாது கண்டெடுக்கப்பட்டு அப்போது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது.

கண்டெடுத்தவருடைய சரித்திரம் ஒரு நாவலுக்குப் போதுமானது. ஆக்ஸ்பர்க் நகரில் 1761-இல் யோஹான் கேயார்க் மெட்ஸ்லர் என்ற பெயருடன் பிறந்த அந்த மனிதர், சட்டம் படிக்கப் போய் அதை விட்டு, கார்ல் லூட்விக் கீஸெக்கெ என்ற புதுப்பெயர் சூடி, வியன்னாவில் ஷிகனேடரின் நாடகக் கம்பெனியில் நடிகராகவும் நாடகாசிரியராகவும் காலம் கழித்தார். மோட்ஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ 1791-இல் முதன்முதலாக அரங்கேறியபோது ஓர் அடிமையின் சிறு வேஷம் அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அந்த இசை நாடகத்தின் வசனமே தம்முடையது என்று அவர் சொல்லிக்கொண்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. சங்கீத சரித்திரக்காரர்கள் இதை இன்றும் விவாதிக்கிறார்கள். மேடையைத் துறந்து தாதுக்களின் பின்னே போன அவர், 1806-இல் கிரீன்லாந்துக்குக் கப்பலேறினார். ஐரோப்பாவில் மூண்ட யுத்தம் திரும்பும் வழியை அடைத்துவிடவே, அந்தப் பனிக்கரையில் ஏழு ஆண்டுகள் தங்க நேர்ந்தது. அதற்கிடையில் அவர் சேர்த்து அனுப்பிய கற்களை ஏற்றி வந்த கப்பலை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டு போய், கற்களை எடின்பரோவில் ஏலம் விட்டார்கள். 1813-இல் கரை சேர்ந்தபோது, கப்பலோடு போன கற்களின் கீர்த்தி அவருக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்திருந்தது. டப்ளினில் தாதுவியல் ஆசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஃபிஸ்கெனெஸெட் என்னுமிடத்தில் 1809-இல் அவர் பொறுக்கிய நீலக் கல்லை, காட்மியத்தைக் கண்டறிந்த கெட்டிங்கன் பேராசிரியர் ஸ்ட்ரோமையர் 1819-இல் பகுத்தாராய்ந்து, அது புதிய தாது என்று நிர்ணயித்து சஃபைரின் என்று பெயரிட்டார்.

இந்தியாவில் அது இருப்பதை உலகம் அறிய மேலும் எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. இந்திய பூகர்ப்ப ஆய்வுத் துறையைச் சேர்ந்த மிடில்மிஸ், விசாகப்பட்டினம் ஜில்லாவின் மலைப்பகுதியில் கிடைத்த சஃபைரினைப் பற்றி 1904-இல் ஒரு குறிப்பு எழுதினார். தமிழ்நாட்டுச் சஃபைரினை விவரித்து டி. என். முத்துசாமி எழுதிய கட்டுரை இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் 1949-இல் வெளிவந்தது. அக்காலத்தில் கெங்குவார்பட்டியும் திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாவுக்குள்ளேயே இருந்தமையால், கட்டுரையின் தலைப்பிலும் மதுரையே இடம்பெற்றிருக்கிறது. கீறிப் பார்க்கும் ஊசியையும் பூதக்கண்ணாடியையும் தாண்டி, பாறையை ஒரு மில்லிமீட்டரில் நூற்றுக்கு மூன்று பங்கு கனமுள்ள ஏடாகத் தேய்த்து, துருவ ஒளி செலுத்தும் நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஏட்டைச் சுழற்றச் சுழற்ற ஒரு திசையில் நிறமற்றும் மற்றொரு திசையில் நீலமாகவும் தோன்றும் சிறு மணிகளைப் பொறுமையாக இனங்காண்பதே அந்தத் தலைமுறையின் பரிசோதனை முறை. பின்னால் வந்த எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவி, ஒரு மயிரிழையினும் சிறிய புள்ளியின் ரசாயனத்தைக்கூட எண்ணிக்கையாகக் கொடுத்துவிடுகிறது. அது அந்த நுண்ணோக்கிக்காரர்களின் தீர்ப்பை மாற்றியதில்லை, ஆழப்படுத்தியிருக்கிறது. எட்வர்ட் க்ரூ என்ற அமெரிக்கர் தென்னிந்தியச் சஃபைரின்களைப் பற்றி 1982-இல் ஒரு விரிவான ஆராய்ச்சியை வெளியிட்டார். ஃபிஸ்கெனெஸெட்டிலேயே முதலில் கிடைத்து, கோர்னெரூப் என்ற இளம் டேனிஷ் பூகர்ப்பவியலாளரின் நினைவாகப் பெயர் பெற்ற கார்னெருபின் என்ற போரான் கலந்த அரிய தாதுவும், 1965-இல் தமிழ்நாட்டு எல்லம்மன்கோவில்பட்டியிலிருந்து அறிவிக்கப்பட்டது. கிரீன்லாந்தின் பனிக்கரைக்கும் நமது நாட்டுக்கும் பொதுவான தாதுக்கள் இருப்பது தற்செயலன்று. இரண்டும் ஆழத்தில் வெந்த மிகப் பழைய பாறைகள் வெளியே தலைகாட்டும் நிலங்கள்.

அந்தப் பாறைகளில் முக்கியமானது சார்னோக்கைட். கல்லுடைக்கும் தொழிலாளிக்கு அது கருங்கல். சிறுமலையும் பழனிமலையும் பெரும்பாலும் அதனாலேயே ஆனவை. கல்கத்தாவைத் தோற்றுவித்தவராகக் கருதப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருக்கும் கல், சென்னைப் பல்லாவரத்துப் பக்கத்துப் பாறை என்று கண்டுகொண்ட தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். சஃபைரின் இந்தக் கருங்கல் முழுவதும் பரவிக் கிடப்பதாக எண்ணிவிடக் கூடாது. கருங்கல்லின் நடுவே சிறுசிறு திட்டுகளாகவும் பட்டைகளாகவும், மக்னீசியமும் அலுமினியமும் செறிந்த ஒரு வினோதப் பாறை அடைபட்டிருக்கும். அதற்குள், சிவந்த கார்னெட், பழுப்பு ஹைப்பர்ஸ்தீன், வெண்ணிற ஊசிகளாகிய சிலிமனைட், சாம்பல் நீலக் கார்டியரைட், கரும்பச்சை ஸ்பினல் முதலிய சகாக்களின் நடுவே, பெரும்பாலும் கடுகினும் பெரிதாகாத மணிகளாகச் சஃபைரின் ஒளிந்திருக்கும். நகை வியாபாரிக்கு அதனால் பிரயோசனமில்லை. சுரங்கக்காரனுக்கும் இல்லை, அலுமினியம் வேண்டுமானால் சேர்வராயன் மலையின் பாக்ஸைட்டும், மக்னீசியம் வேண்டுமானால் சேலத்து வெள்ளைக்கல்லும் இருக்கின்றன. ஜல்லி இயந்திரத்தின் வாயில் அகப்பட்டால் அது மற்றக் கருங்கல்லோடு சாலையில் போய்ச் சேரும்.

ஆனால் அதன் சகாக்கள் எவ்வாறு அதனைச் சூழ்ந்திருக்கிறார்கள் என்பதைக் கூர்ந்து நோக்குகிறவனுக்கு அந்தப் பாறை ஒரு நீண்ட நிகழ்ச்சித் தொடரைக் காட்டுகிறது. கெங்குவார்பட்டிப் பாறையில் பெரிய கார்னெட் மணிகளின் ஓரம் அரிக்கப்பட்டு, அவ்வோரத்தைச் சுற்றிலும் ஹைப்பர்ஸ்தீனும் கார்டியரைட்டும் சஃபைரினும் புழுக்கள் பின்னிக்கொண்டாற்போன்ற நுண்ணிய கோலத்தில் படர்ந்திருப்பதைக் காணலாம். கார்னெட் பேரழுத்தத்தில் நிலைபெறுகிற தாது, அடர்த்தி மிக்கது. அழுத்தம் தளரும்போது அது தன் நிலையிழந்து, அடர்த்தி குறைந்த தாதுக்களாகப் பிரிகிறது. உஷ்ணம் அப்போதும் தணியாதிருந்தாலொழிய இந்த மாறுதல் நிகழாது, நிகழத் தொடங்கினாலும் முற்றுப் பெற்றுவிட்டால் பழைய கார்னெட்டின் சுவடே இராது. பாதியில் நின்றுபோன ரசாயன மாறுதலே பூகர்ப்ப விஞ்ஞானிக்குக் கிடைக்கும் பெரும் செல்வம். முன்பு இருந்தது எது, பின்பு வந்தது எது என்ற வரிசை அதில் அப்படியே உறைந்திருக்கிறது. சஜீவ், ஒசனாய், சந்தோஷ் ஆகிய மூவர் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இவ்வூர்ப் பாறைகள் சுமார் 1000 பாகை சென்டிகிரேட் உஷ்ணத்தை எட்டிய பிறகு இரண்டு கட்டங்களாக மேல்நோக்கி எழுந்தன என்று இத்தகைய கோலங்களைக் கொண்டே நிர்ணயித்தது. அந்த உச்ச நிலையில் அவை பூமிக்குள் முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் கிடந்தன.

ஆயிரம் பாகை என்பதை நம்முடைய அனுபவத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டுமானால், திண்டுக்கல் சமவெளியில் ஆங்காங்கே புகையும் செங்கற்சூளைகளை நினைத்துக்கொள்ளலாம். சூளையின் உச்ச உஷ்ணம் ஏறக்குறைய அவ்வளவே. சூளைக்காரன் தீயின் அருகே போகாமல், பிரித்தெடுத்த கல்லின் நிறத்தையும் தட்டினால் எழும் ஓசையையும் கொண்டே தீ எவ்வளவு ஏறிற்று என்று சொல்லிவிடுவதுபோல, சஃபைரினும் அதன் கூட்டாளிகளும் கிடைத்தவுடன் பாறை வெந்த அளவைப் பூகர்ப்பவியலாளன் சொல்லிவிடுகிறான். இதில் நியாயமான ஓர் ஐயம் எழக்கூடும். சாதாரணக் கல் அறுநூற்றைம்பது, எழுநூறு பாகைகளிலேயே உருகத் தொடங்குமே, ஆயிரம் பாகையில் இந்தப் பாறை எவ்வாறு பாறையாகவே எஞ்சியது? விடை நீரில் இருக்கிறது. ஈரமுள்ள பாறையே அவ்வளவு எளிதில் உருகும். உஷ்ணம் ஏற ஏற, பாறையின் ஒரு பகுதி உருகி, இருந்த நீரையும் சிலிக்காவின் பெரும்பங்கையும் பொட்டாசியத்தையும் தன்னோடு வாரிக்கொண்டு மேல்நோக்கிப் போய்விடுகிறது. அடியில் எஞ்சிய வறண்ட வண்டலில் மக்னீசியமும் அலுமினியமும் செறிந்து நிற்கின்றன. அது மேலும் உருகுவது கடினம். சஃபைரின் பிறப்பதற்கு முன்னே நான் கூறிய நான்கு நியமங்களுள் மூன்றை, நான்காவதாகிய உஷ்ணமே இவ்வாறு தயார் செய்து கொடுத்துவிடுகிறது.

சஃபைரின் இருந்தாலே உஷ்ணம் மிகுதி என்று கொள்ளலாம். சஃபைரினும் வெங்கச்சங்கல்லாகிய குவார்ட்ஸும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால், அது மிகமிகுதி என்பதற்கு அதைவிட உறுதியான பிரமாணம் இல்லை. ஏனெனில் சிலிக்கா அருகில் இருக்குமாயின், சாதாரண உஷ்ணங்களில் சஃபைரின் அதனோடு கலந்து கார்டியரைட்டாகவோ, கார்னெட், சிலிமனைட் முதலியவையாகவோ மாறிவிடும். ஆயிரம் பாகையை ஒட்டிய நிலையில்தான் இரண்டும் பகையின்றி அடுத்தடுத்து வாழ முடியும். இந்த ஜோடியை அண்டார்க்டிகாவின் எண்டர்பி நிலத்துப் பாறையில் கண்டு டால்விட்ஸ் என்பவர் 1968-இல் அறிவித்தபோது, மேலோட்டுப் பாறைகள் அவ்வளவு உஷ்ணத்தைத் தாங்கியிருக்கக்கூடும் என்ற எண்ணமே பலருக்குப் புதிதாயிருந்தது. தென்னிந்தியாவில் அதே ஜோடி முதன்முதலாகக் கிடைத்தது மதுரைப் பாளத்தின் தென்கோடியிலுள்ள ராஜபாளையத்துப் பக்கத்தில். 2004-இல் ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். தொள்ளாயிரம் பாகைக்கு மேற்பட்ட இத்தகைய வேக்காட்டை இன்று பூகர்ப்ப சாஸ்திரம் மீயுயர் உஷ்ண உருமாற்றம் என்று தனி வகையாகவே வைத்திருக்கிறது.

இது நிகழ்ந்தது எப்போது என்பதைச் சஃபைரின் சொல்லாது. அதில் கடிகாரமாக ஓடக்கூடிய கதிரியக்க மூலகம் இல்லை. அதே பாறைகளில் தூசிபோல் கலந்திருக்கும் மோனஸைட், ஸிர்கான் என்ற தாதுக்களே காலத்தைச் சொல்கின்றன. அவற்றிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஈயமாக மாறியிருக்கும் அளவைக் கணக்கிட்டால், ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள் என்று விடை வருகிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் குவிந்திருக்கும் மோனஸைட்டும், இவை போன்ற பாறைகள் தேய்ந்து கரைந்த சிதறல்தான். அந்தக் காலத்தில் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா ஆகியவை ஒன்றோடொன்று மோதி இறுகி, கோண்ட்வானா என்ற மகா கண்டமாக இணைந்துகொண்டிருந்தன. மோதலின் மத்தியில் அகப்பட்ட நிலம் நம்முடையது. மடகாஸ்கரின் தென்பகுதியிலும் இலங்கையின் மலைநாட்டிலும் சஃபைரின் கிடைப்பது அந்தப் பழைய உறவின் தொடர்ச்சி. இலங்கையில் கொலொன்ன என்ற பகுதியிலிருந்து, பட்டை தீட்டத்தக்க தெளிந்த சஃபைரின் கற்களே கிடைத்திருக்கின்றன. நம் கெங்குவார்பட்டி மணிகளுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. கடுகளவு ஸ்படிகத்தில் மோதிரம் செய்ய எந்த ஆசாரியாலும் ஆகாது.

விடை காணப்படாதிருக்கும் கேள்வி ஒன்றே: அவ்வளவு உஷ்ணம் எங்கிருந்து வந்தது? இன்று பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் இருபத்தைந்து முப்பது பாகை ஏறுகிறது. ஆழம் செல்லச் செல்ல அந்த ஏற்றமும் மந்தப்படுவதால், முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் சாதாரணமாக அறுநூறு, எழுநூறு பாகையே எதிர்பார்க்கத் தகும். அதற்கு மேற்பட்ட முந்நூறு பாகைக்குக் கணக்கு வேண்டும். கீழேயிருந்து கொதிக்கும் பாறைக்குழம்பு ஏறி வந்து, மேலோட்டின் அடியில் தங்கி, அதனை வேகவைத்தது என்பது ஒரு சாராரின் கொள்கை. மோதலால் மேலோடு இன்றைய திபேத்தைப்போல் இருமடங்கு தடித்து, பல கோடி ஆண்டுகள் அசையாமல் நின்றுவிட, அதிலடங்கிய பொட்டாசியம், யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் கதிரியக்கமே வெளியேற வழியின்றித் தேங்கி உஷ்ணத்தை உயர்த்திற்று, வெளியிலிருந்து தீ எதுவும் வரவேண்டியதில்லை என்பது மற்றொரு சாராரின் வாதம். முதற்கொள்கையினர், அவ்வளவு உஷ்ணத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டிய குழம்பு உறைந்து போதுமான அளவில் இங்கே கிடப்பதைக் காட்ட வேண்டும். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து அனார்த்தஸைட் பாறைத்தொகுதி போன்றவை சில உண்டு என்றாலும், அவற்றின் வயதும் சஃபைரினின் வயதும் ஒத்துவருகின்றனவா என்பதிலேயே வாதம் நிற்கிறது. இரண்டாவது கொள்கையினர், உஷ்ணம் மெல்ல ஏறி நெடுங்காலம் நிலைத்திருந்தது என்பதை நிறுவ வேண்டும். மோனஸைட்டும் ஸிர்கானும் ஒரே தேதியைக் காட்டாமல் பல கோடி ஆண்டுகளுக்குப் பரவிய தேதிகளைக் காட்டுவது அவர்களுக்கு ஓரளவு அனுகூலமாக இருக்கிறது. தோரியம் செறிந்த மோனஸைட் இந்நாட்டுக் கடற்கரைகளில் இத்தனை மலிந்து கிடப்பதை நினைக்கும்போது, என் மனம் இரண்டாவது கட்சியின் பக்கமே சாய்கிறது.